பட்டியலில் ஏறிய வீடு யாருடையது?

பழைய வீடு ஒன்று பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேரப்போகிறது என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு முதலில் வருவது பயம். பெருமையெல்லாம் அப்புறம்தான். வீட்டை அரசு எடுத்துக்கொள்ளுமோ, விற்க முடியாமல் போகுமோ, வங்கி கடன் தர மறுக்குமோ, பிள்ளைகளுக்கு ஒரு மாடி எழுப்பக்கூட அனுமதி கிடைக்காதோ என்று மனம் கணக்குப் போடும். பழைய கட்டடங்களை நேசிப்பவர்களுக்கோ நேர் எதிரான நம்பிக்கை. பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதும், இனி அதை யாரும் தொட முடியாது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்தப் பயமும் சரியில்லை, அந்த நிம்மதியும் சரியில்லை.

ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையில் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பழமைக்குப் பஞ்சமில்லை. அதைக் காக்கச் சட்டங்களுக்கும் பஞ்சமில்லை. எந்தச் சட்டம் எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்காக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும் அந்தத் தொடக்ககால நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெயர் ராயபுரத்துக்கு வந்தது. பல காலம் பாழடைந்து கிடந்து, பழுது பார்க்கப்பட்டு, 2005 அக்டோபரில் மறுபடி திறக்கப்பட்டது.

அங்கிருந்து சற்று நடந்தால் படகுத் தொழிலாளர்கள் எழுப்பிய ராயப்பர் தேவாலயம். அரத்தூண் சாலையில் 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில். வடக்கே போனால் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே கருங்கல் விமானத்தைக் கட்டிய தச்சன், ரவி எனும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. தெற்கே பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவில், இந்தியர்கள் வாழ்ந்த, கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதிலின் மிச்சம். இவற்றுக்கு இடையில் திண்ணையும் முற்றமும் தேக்குச் சட்டமும் கொண்ட, பெயர் தெரியாத எத்தனையோ வீடுகள்.

எல்லாமே பழையவைதான். ஆனால் இவற்றில் எந்த இரண்டுக்கும் ஒரே காவல்காரர் இல்லை.

முதல் அடுக்கு மத்திய அரசுடையது. 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் கொண்டவை என்று அறிவிக்கப்பட்டவற்றை இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. நாடு முழுவதும் அப்படி 3,600-க்கும் மேல் உண்டு. மாடிப் பூங்கா மதில் இந்த வகை. இந்தச் சட்டம் கடுமையானது. 2010-இல் வந்த திருத்தத்தின்படி சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். இரண்டாவது அடுக்கு, மாநிலத் தொல்லியல் துறை தன் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பவை. கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையின் பொறுப்பு.

இந்த மூன்றிலும் வராத கட்டடங்கள்தான் ஊரில் அதிகம். வீடு, கடை, பள்ளி, மருத்துவமனை, கிடங்கு, ஆலை, ரயில் நிலையம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு நகரத்தின் முகத்தைத் தீர்மானிப்பவையும் இவைதான். நகர அளவிலான பாரம்பரியக் குழு என்ற ஏற்பாடு உலகெங்கும் இவற்றுக்காக உருவானது. நூறு வயது ஆகிவிட்டால் எந்தக் கட்டடமும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. யாராவது அடையாளம் கண்டு, எழுதி, அறிவித்தால்தான் பாதுகாப்பு தொடங்கும்.

சென்னைக்கு இந்தக் குழு கிடைத்த கதை சற்று விநோதமானது. நகரமெங்கும் ராட்சத விளம்பரப் பலகைகள் முளைத்திருந்த காலத்தில், எந்தெந்தக் கட்டடங்களை அவை மறைக்கக் கூடாது என்று பார்க்க வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் தலைமையிலான குழு அந்த வேலையின் போக்கில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. பலகைகளை அகற்றுவதற்காக எழுதிய பட்டியல், பிறகு கட்டடங்களையே காப்பாற்றப் பயன்பட்டது.

அதற்குக் காரணம் அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டியது. பின்னாளில் எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006-இல் அதை இடிக்க வேலை தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காத்ததோடு நிற்கவில்லை. பத்மநாபன் குழுவின் பட்டியலுக்கு உயிர் கொடுத்தது. பாரம்பரியப் பாதுகாப்புக்கென்று நிபுணர்கள் இடம்பெறும் குழு ஒன்றை அமைக்கச் சொன்னது. அந்த ஆண்டே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலம் முழுவதற்குமாகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. 1958, 1966 சட்டங்களில் வராத கட்டடங்களைக் கவனிப்பதே அதன் நோக்கம். ஆனால் நிறைவேறிய சட்டம் பத்தாண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்து, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

குழு என்ன செய்யும்? முதலில் ஆவணப்படுத்தும். கட்டடம் எப்போது எழுந்தது, யார் கட்டினார்கள், எந்தப் பொருளால், அங்கே என்ன நடந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விவரம் திரட்டும். பிறகு தரம் பிரிக்கும். உரிமையாளரும் பொதுமக்களும் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரப்படும். அதற்குப் பிறகுதான் இறுதி அறிவிப்பு. அறிவிப்பு வந்தபின் அந்தக் கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ விண்ணப்பம் போனால், வழக்கமான கட்டட அனுமதிக்கு முன்னால் கோப்பு குழுவின் பார்வைக்குப் போகும். சுருக்கமாகச் சொன்னால், பட்டியல் ஒரு வேகத்தடை. வண்டியை நிறுத்திவைப்பது அதன் வேலையில்லை. வேகமாகப் போகிறவரைக் குறைத்து, இருபுறமும் பார்க்கவைப்பதுதான் அதன் வேலை.

பயம் தீர வேண்டுமானால் தரம் பிரிப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்திய நகரங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறையில் மூன்று தரங்கள். முதல் தரத்தில் வருபவை மிகச் சில. பலப்படுத்துவதற்குத் தேவையானதைத் தவிர அவற்றில் உள்ளேயும் வெளியேயும் மாற்றம் கூடாது. இரண்டாம் தரத்தில் உள்ளே மாற்றிக்கொள்ளலாம், புதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம், வெளித்தோற்றம் கெடக்கூடாது. இதிலேயே ஓர் உட்பிரிவில், அதே மனையில் இசைவான புதுக் கட்டடம் சேர்க்கவும் வழி உண்டு. மூன்றாம் தரம் தெருவின் தோற்றத்துக்குப் பங்களிப்பவை. அவற்றில் மாற்றங்களுக்கு இன்னும் தாராளமான இடம் உண்டு. சாதாரண வீடுகள் பெரும்பாலும் வரக்கூடியது இந்தக் கீழ்த் தரங்களில்தான்.

ஆகவே வீட்டுக்காரரின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லலாம். பட்டியலில் சேர்ந்தால் வீடு அரசுக்குப் போகுமா? போகாது. பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். வெளியாட்களை உள்ளே விட வேண்டுமா? தேவையில்லை. குளியலறை, மின்சாரக் கம்பி, சமையலறை ஆகியவற்றைப் புதுப்பிக்கலாமா? பெரும்பாலான தரங்களில் தாராளமாக. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொல்லையா? நூறு மீட்டர் தடையெல்லாம் மத்தியச் சட்டத்தின் சின்னங்களுக்கு உரியது. நகரப் பட்டியலில் ஒரு வீடு ஏறுவதால் அது வராது. உண்மையில் இழப்பது ஒன்றுதான். இருப்பதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டி அதிக விலைக்கு விற்கும் வாய்ப்பு குறையும். இந்த நகரத்தில் மனை விலை தெரிந்தவர்கள் யாரும் அதைச் சின்ன இழப்பு என்று சொல்ல மாட்டார்கள். அந்த இழப்பை மறைத்துவிட்டுப் பாரம்பரியப் பெருமை பேசுவதுதான் வீட்டுக்காரர்களை எதிரிகளாக்குகிறது.

இனி நேசர்களின் நிம்மதிக்கு வருவோம். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. ஆனால் சரியான பராமரிப்பு இல்லாமல் அது சிதைந்துகொண்டே வந்தது. பட்டியலால் கடப்பாரையைத் தடுக்க முடியும், மழையைத் தடுக்க முடியாது. புதுச்சேரியில் மேரி என்று எல்லோரும் அழைத்த பழைய நகராட்சிக் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. பழுது தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2014 நவம்பர் மழையில் தானே இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டித் திறக்க 2021 ஆனது. இடிக்க அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த உரிமையாளர், ஓடு மாற்றாமல், ஆலமரக் கன்றைப் பிடுங்காமல் சும்மா இருந்தாலே போதும். சில மழைக்காலம் கழித்து, ஆபத்தான கட்டடம் என்று மாநகராட்சியே இடிக்கச் சொல்லிவிடும். மக்கள் உயிருக்கு ஆபத்து என்றால் இடிக்கத்தான் வேண்டும். அந்த நிலைக்குப் போகவிட்டது யார் என்று கேட்பவர்தான் நம் ஏற்பாட்டில் இல்லை.

நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதும் கெடுக்கலாம். பழைய சென்னை வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். சுண்ணாம்பு, சுவருக்குள் ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விடும். கடற்காற்றும் உப்பும் உள்ள ராயபுரத்தில் அது பெரிய விஷயம். ஒழுகுகிறது என்று அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சட்டம் உளுத்து, சுவர் பொரிந்து போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் இப்போது அரிது, கூலியும் அதிகம். "மாற்றாதே" என்று சொல்லும் குழு, எப்படிப் பழுது பார்ப்பது என்றும் சொல்லி, அதற்கு ஆளும் காசும் கிடைக்க வழி செய்யாவிட்டால், அந்தக் கட்டளை ஏட்டுச் சுரைக்காய்தான்.

காசுக்கு வழி கண்டுபிடித்த ஊர்கள் இருக்கின்றன. மும்பை 1995-லேயே பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்தது. அங்கே தன் மனையில் கட்ட முடியாமல்போன பரப்பை உரிமையாளர் வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ள வழி உண்டு. ஊர் நலனுக்காக அவர் இழந்ததை ஊரின் வளர்ச்சியிலிருந்தே ஈடுகட்டும் ஏற்பாடு இது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் தெருவில், தெருப்பக்கத் தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் மீட்டபோது திட்டப் பணத்தோடு வீட்டுக்காரர் பங்கும் சேர்ந்தது. கெஞ்சியும் மிரட்டியும் நடக்காதது, செலவில் பாதியை ஏற்றுக்கொண்டால் நடக்கிறது. நியூயார்க்கின் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு பக்கத்தையும் கவனித்தது. அறிவிக்கப்பட்ட கட்டடத்தை உரிமையாளர் நல்ல நிலையில் வைத்திருப்பது அங்கே கடமை. அலட்சியத்தால் இடிந்துவிழ விடுவதும் குற்றம்.

வடசென்னைக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பழமையின் பெரும்பகுதி தனியார் வீடுகளில் இல்லை. ரயில்வே, துறைமுகம், கோயில், தேவாலயம், ஆலை என்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ரயில்வே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ரயில்வே தன் தேவைக்கான கட்டுமானங்களை வேறு சட்டங்கள் என்ன சொன்னாலும் செய்துகொள்ள இடம் தருகிறது. 2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகச் சட்டம், துறைமுக எல்லைக்குள் துறைமுகத்தின் பெருந்திட்டம் உள்ளூர், மாநில விதிகளுக்குக் கட்டுப்படாது என்கிறது. ராயபுரத்தை நகரின் இன்னொரு பெரிய ரயில் முனையமாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பழைய நிலையத்தைப் பற்றிய கவலையும் கூடவே எழுவது இதனால்தான். நகரக் குழு ஒன்றின் குறிப்பு தண்டவாளம் வரை போகும், அதைத் தாண்டுமா என்பது ரயில்வேயின் மனத்தைப் பொறுத்தது.

ரயில் நிலையத்தையும் நகரக் குழு காக்க முடியும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைக்கு மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளரான ரயில் நிறுவனம் விரும்பியது. நகர ஆணையம் மறுத்தது. எங்கள் சொத்தைப் பறிக்கிறீர்கள் என்று நிறுவனம் வழக்காடியது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. நிலையம் நிலையமாகவே ஓடி வருமானம் தருகிறது, கட்ட முடியாத பரப்பை வேறு மனைக்கு மாற்றவும் வழி இருக்கிறது, எனவே இது பறிப்பு ஆகாது என்பது அதன் வாதம். அங்கே உரிமையாளர் தனியார் நிறுவனம், இங்கே மத்திய அரசின் துறை. ஆனால் பயன்பாட்டை நிறுத்தாமலே கட்டடத்தைக் காக்கலாம் என்ற பாடம் ராயபுரத்துக்கும் பொருந்தும். ரயில் வந்து போகும் நிலையம்தான் பாழடையாமல் இருக்கும்.

எதைப் பட்டியலில் சேர்ப்பது என்ற கேள்வியிலும் வடசென்னைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தூணும் வளைவும் கோபுரமும் உள்ளவைதான் பாரம்பரியம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பகுதிக்குச் சில வரிகள்தான் கிடைக்கும். அழகு ஓர் அளவுகோல்தான். அங்கே நடந்த நிகழ்ச்சி, அதைக் கட்டிய தொழில்நுட்பம், ஒரு சமூகத்தின் வாழ்க்கை ஆகியவையும் அளவுகோல்களே. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்ற, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. ஆலை 1996-இல் மூடியது. மனையில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. கட்டடக் கலை வல்லுநர் ஒருவர் அந்தப் பூங்காவில் குறிப்பெடுக்க அதிகம் இல்லை, தமிழக அரசியல் படிப்பவருக்கு நிறைய உண்டு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் நின்றுபோனது. ஊருக்கு வெளிச்சம் தந்ததும் ஊரின் மூச்சில் சாம்பல் கலந்ததும் அதுவே. அப்படிப்பட்ட ஒன்றில் எதையாவது நினைவாக வைப்பதா வேண்டாமா என்று அந்தப் பகுதி மக்களைக் கேட்டு முடிவு செய்ய ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். கட்டடத்தைக் காப்பது எப்போதும் அதைப் போற்றுவதாகாது.

நிர்வாக எல்லையும் இந்தப் பகுதிக்கு எதிராக வேலை செய்தது. சென்னையின் பாரம்பரியப் பட்டியல் பற்றிய வழக்கும் தீர்ப்பும் நடந்தபோது திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் தனி நகராட்சிகள். 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. வரி சேர்ந்தது, குப்பை சேர்ந்தது. பழமையைத் தேடி எண்ணும் வேலையும் சேர வேண்டும். அவசரமும் உண்டு. துறைமுகச் சுவர் எழுந்தபின் மணல் தெற்கே மெரினாவில் சேர, வடக்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ராயபுரத்துக்கு வடக்கே தெருக்களே போயின. கடலுக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது. எழுதிவைக்காமல் போனது, இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போகும்.

சட்டம் இப்போது கையில் இருக்கிறது. அதை வைத்துச் செய்ய வேண்டியவை எளியவை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை வட்டம் வட்டமாகக் கணக்கெடுத்து, ஆலையையும் கிடங்கையும் தொழிலாளர் குடியிருப்பையும் சேர்த்துப் பட்டியல் எழுத வேண்டும். எந்தத் தரம், என்ன செய்யலாம், என்ன கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தமிழில், ஒரு பக்கத்தில், ஒவ்வொரு உரிமையாளர் கையிலும் கொடுக்க வேண்டும். பழுது பார்க்க மானியம் அல்லது சொத்துவரிச் சலுகை, மாற்றத்தக்க கட்டட உரிமை ஆகியவை அறிவிப்போடு சேர்ந்தே வர வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ரயில்வேயோடும் துறைமுகத்தோடும் மாநில அரசு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் உடன்பாடு கட்டாயப்படுத்தும்.

படிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு பழைய கட்டடம் செய்தியில் வரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். அது யாருக்குச் சொந்தம்? எந்தப் பட்டியலில் இருக்கிறது, அல்லது இல்லை? எந்தத் தரம்? பழுதுக்கு யார் பணம் தருகிறார்கள்? முதல் மூன்றுக்கும் விடை கிடைத்து நான்காவதற்குக் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கட்டடம் காக்கப்பட்டுவிட்டது என்ற பேச்சை நம்ப வேண்டாம்.